அரை நாள் சீனியர்

பொருளாதாரத் துறைத் தலைவரின் அறை. ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சுடுகிற திருச்சி வெயில். மேஜைக்கு அந்தப் பக்கம் சின்னச்சாமி, இந்தப் பக்கம் நான். நடுவில் சார்ஜ் ஒப்படைக்கிற ரிஜிஸ்தர் விரித்து வைத்திருந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றினார், யோசித்தார், மறுபடி மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இருங்க சார். என்ன அவசரம்? பன்னெண்டு அடிக்கட்டும்."

"எதுக்கு?"

"இப்ப ராகு காலம். இந்த நேரத்துல உங்ககிட்ட சார்ஜ் குடுத்தேன்னு தெரிஞ்சா உங்க அப்பா என்னைய வீட்டுக்குள்ள விடுவாரா?"

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? அந்தத் துறைத் தலைவர் நாற்காலிக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தவன் நான். அதில் அவர் உட்கார்ந்திருந்தார். இப்போது அதை விட்டுவிட்டு அதைவிடப் பெரிய நாற்காலிக்கு, யுனிவர்சிட்டிப் புரொபசர் வேலைக்குப் போகிறார். போகிற போக்கில் எனக்கு நல்ல நேரம் வேறு பார்க்கிறார்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆமாம், வயிறு எரிந்தது என்றுதான் எழுதுவேன். இந்தத் தொடரைப் படிக்கிற பழைய மாணவர்கள் சிலர், 'நீங்களும் சின்னச்சாமி சாரும் எவ்வளவு அந்நியோன்யம்!' என்று எழுதுகிறார்கள். அந்நியோன்யம்தான், யார் இல்லை என்றது? முன்பின் தெரியாதவன் மேல் எவனாவது பொறாமைப்படுவானா? அதற்குப் பக்கத்து நாற்காலிக்காரன் வேண்டும். நான் அவரை வாயால் 'அவர்' என்று சொல்வேன், மனதுக்குள் 'அவன்' என்று சொல்வேன். இங்கே மரியாதைக்கு 'அவர்' என்றே எழுதுகிறேன்.

ராகு காலம் இதற்குள் எப்படி வந்தது என்பதற்கு, நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளுக்குப் போக வேண்டும்.

புங்க மரத்தடி

போன வாரம், எம்.ஏ. முடித்து ஸ்ரீரங்கத்து வீட்டில் வேலை உத்தரவு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். கல்லூரியின் பெயர் எதற்கு? தலையைத் தூக்கினால் மலைக்கோட்டை தெரியும், அது போதும். ஐம்பதுகளில் ஒரு வருஷம், பொருளாதாரத்துக்கு இரண்டு பேரை ஒரே நாளில் வேலைக்குச் சேரச் சொல்லியிருந்தார்கள். அதுவும் வெள்ளிக்கிழமைதான்.

அப்பா பஞ்சாங்கத்தைக் கேட்காமல் மூச்சு விடமாட்டார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"பத்தரைக்குள்ள கையெழுத்தைப் போட்டுடு. இல்லேன்னா பன்னண்டு தாண்டட்டும். நடுவுல மட்டும் போட்டுடாதே. ராகு காலத்துல சேர்ந்த உத்தியோகம் உருப்படாது."

"சரிப்பா."

"சரிங்கறே. அங்க போய் யாராவது போடுடான்னா போட்டுடுவே நீ."

அம்மா செய்திருந்த வெண்பொங்கலை வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். நெய் கையெல்லாம் வழிந்து, கழுவியும் போகவில்லை. டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதுகூட அந்த வாசனை வந்துகொண்டிருந்தது. ஒன்பதரைக்கெல்லாம் கல்லூரிக்குள் போய்விட்டேன்.

போய் என்ன பிரயோஜனம்? புது அட்மிஷன் கூட்டம். ஹெட் கிளார்க் தலையே தெரியவில்லை. அவர் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, "சம்பத், வாங்க, கையெழுத்துப் போடுங்க" என்று என்னைக் கூப்பிட்டபோது பத்தரை தாண்டிவிட்டது. "கொஞ்சம் பொறுத்து வரேனே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து புங்க மரத்தடியில் கிடந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். தோளில் தகரப் பெட்டி, சட்டையில் ரயில் கரி, தலையெல்லாம் புழுதி. வையம்பட்டிப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது பார்த்தால் ஹாஸ்டலில் சேர வந்த பையன் மாதிரி இருந்தார்.

"சார், ஆபீஸ் எங்கிட்டு இருக்குங்க? எகனாமிக்ஸ்ல வேலைக்குச் சேர வந்திருக்கேன்."

"அந்த வராந்தால கடைசி ரூம். ஆனா இப்போ ராகு காலம் நடந்துண்டிருக்கு. பன்னண்டுக்கு மேல போங்கோ. நானும் அதே வேலைக்குத்தான் வந்திருக்கேன். அதுக்காகத்தான் உக்காந்திருக்கேன்."

"அப்படீங்களா?"

பெட்டியை என் பக்கத்தில் இறக்கி வைத்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார்.

"இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இப்படி வரவில்லை, பின்பக்கமாக எங்கேயோ போனார். ரொம்ப நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டார். ஆக, அவருக்கு ஆபீஸுக்கு வழி காட்டியவன் நான், பெட்டிக்குக் காவல் இருந்தவனும் நான். மணி பன்னிரண்டு அடித்ததும் பெருமாளை நினைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

ஹெட் கிளார்க் என் பெயருக்கு நேரே 'ஆஃப்டர்நூன்' என்று எழுதினார். அதற்கு மேல் வரியில், சின்னச்சாமி பெயருக்கு நேரே 'ஃபோர்நூன்' என்று இருந்தது. எழுதிக்கொள்ளட்டும், யாருக்கு என்ன என்று அப்போது நினைத்தேன். எங்கள் கல்லூரியில் யார் சீனியர் என்பது அந்த வரிசைப்படிதான், ஒரே நாளில் சேர்ந்தால் முற்பகலில் சேர்ந்தவர்தான் ஆயுசுக்கும் சீனியர் என்பது எனக்குத் தெரியாது.

காத்திருந்தவனுக்குக் கூலி

பி.ஏ. வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்திய பாடம் ஒன்று உண்டு. கையில் இருப்பதை இன்றைக்கே அனுபவிக்காமல் காத்திருக்கிறான் பாருங்கள், அவனுக்குக் கிடைக்கிற கூலிதான் வட்டி. எவ்வளவு அழகான தத்துவம்! அதை நடத்தும்போதெல்லாம் எனக்குப் புங்க மரம் ஞாபகம் வரும். நான் காத்திருந்தேனே, எனக்கு என்ன கொடுத்தார்கள்?

ஸ்டாஃப் ரூமில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியானது. சீனியர் என்று அவருக்குப் போனது. டைம்டேபிளில் காலை முதல் பீரியட் அவருக்கு, மாணவர்கள் தூங்கி விழுகிற மத்தியானப் பீரியட் எனக்கு. எகனாமிக்ஸ் அசோசியேஷன் குரூப் போட்டோவுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். சீனியாரிட்டிப்படி ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சின்னச்சாமி உட்கார்ந்தார், அதோடு நாற்காலி தீர்ந்துவிட்டது. நான் பின்னால் மாணவர்களோடு நின்றேன். போட்டோக்காரன் வேறு, "அந்த நாமம் போட்ட தம்பி, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லு" என்றான். அந்தப் போட்டோ இன்னமும் என்னிடம் இருக்கிறது. நான் அதைச் சட்டம் போடவில்லை.

இதெல்லாம் அற்ப விஷயம் என்பீர்கள். அற்பம்தான். தினமும் ஒரு அற்பம் என்று வருஷக் கணக்காக நடந்தால் தெரியும்.

பலகைத் தடுப்பு

நாற்காலியாவது போகட்டும். எங்கள் இருவரின் வகுப்புகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புத்தான் இருந்தது. அது கூரை வரை எட்டாது.

என் வகுப்பு எப்படி இருக்கும் என்றால், கோட்டு போட்டுக்கொண்டு போவேன். ஆங்கிலத்தில் நோட்ஸ் சொல்வேன். ஒரு வாக்கியம் பிசகாது, கமாகூடச் சொல்வேன். பையன்கள் தலை நிமிராமல் எழுதுவார்கள். பாதி வாக்கியத்தில் அந்தப் பக்கத்திலிருந்து 'கொல்' என்று ஒரு சிரிப்பு வரும், அதற்கும் மேலே அவருடைய வெடிச்சிரிப்பு கேட்கும். என் பையன்கள் பேனா நின்றுவிடும். எல்லாத் தலையும் தடுப்புப் பக்கம் திரும்பும். நான் மேஜையைத் தட்டி மறுபடி ஆரம்பிப்பேன். மறுபடி 'கொல்'.

அவர் வகுப்புக்கு ஹிஸ்டரிக்காரன், கெமிஸ்ட்ரிக்காரன் எல்லாம் வந்து ஜன்னலில் நிற்பான். என் ஜன்னலில் காக்காய்கூட உட்காராது.

ஒரு நாள் அவர் நடத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு பொருளை மேலும் மேலும் நுகர நுகர, ஒவ்வொன்றிலும் கிடைக்கிற திருப்தி குறைந்துகொண்டே போகும் என்பது எங்கள் சாஸ்திரத்தில் அரிச்சுவடி. முதல் இட்லிக்கு இருக்கிற ருசி நாலாவது இட்லிக்கு இருக்காது. இந்த மனிதர் கணீரென்று சொல்கிறார்: "இந்த விதியை எழுதினவரு ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லடா!" கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு.

ஸ்டாஃப் ரூமில் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சார் இது? விதியே தப்புங்கறேளே? பசங்க இதைப் பரீட்சையில எழுதினா சைபர்தான்."

"பரீட்சைக்குப் புஸ்தகத்துல இருக்கறதைத்தான் எழுதணும்னு சொல்லிட்டேன் சார். ஆனா நெசமாப் பசிச்சவனுக்கு மொத இட்லி ருசியே தெரியாதுங்க. உள்ள போனதே தெரியாது. மூணாவதுலதான் நாக்கு முழிச்சுக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார்" என்று சொல்லி, எதையோ நினைத்துச் சிரித்தார்.

அந்த வருஷம் அந்தப் பேப்பரில் அவருடைய பையன்கள் அத்தனை பேரும் பாஸ். என் பையன்களும் பாஸ்தான். ஆனால் மாலை வாங்கிக்கொண்டு அவரைத் தேடித்தானே போனார்கள்?

அப்பாவின் கட்சி

கல்லூரியோடு விட்டதா? வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார்.

உறையூரில் ஒண்டிக்கட்டையாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியில் குளித்துவிட்டு, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். கொள்ளிடத்துக்கு அக்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பாவுக்கு அதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. எனக்கு நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். சின்னச்சாமி வந்து உட்கார்ந்தால் நாற்று, உரம், தண்ணீர் என்று மத்தியானம் ஆகிவிடும்.

ஒரு தடவை அரிசி விலை ஏறிக் கிடந்தது. அப்பா பேப்பரைப் படித்துவிட்டு, "ஏன்டா இப்படி ஏறறது? உன் சிநேகிதன் வந்தா கேக்கணும்" என்றார்.

"அப்பா, நானும் அதே சப்ஜெக்ட்தான். எம்.ஏ.வில் நான் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"இருக்கட்டுமே. அவன் வரட்டும்."

உள்ளே என் மனைவி வைதேகியிடம் போய்க் குமுறினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அவர் சொன்னா புரியறது. நீங்க சொன்னா எழுதிக்கணும் போல இருக்கு."

கேட்டீர்களா? என் வீட்டுச் சாப்பாடு, என் வீட்டுக் காய்.

எங்கள் பெரிய புரொபசர் ரிடையர் ஆனபோது துறைத் தலைவர் பதவிக்கு நாங்கள் இருவரும்தான் அடுத்த வரிசை. பிரின்சிபால் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே நாள். ஆனா மிஸ்டர் சின்னச்சாமி ஃபோர்நூன்" என்றார். பேச்சு அவ்வளவுதான். சின்னச்சாமி என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று பஸ்ஸில் ஏறப் பிடிக்காமல் காவிரிப் பாலத்தை நடந்தே கடந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "நீங்க அன்னிக்குக் காத்துண்டிருக்கச் சொன்னேள். அதனால போயிடுத்து" என்று கத்தினேன்.

அப்பா அசையவில்லை. "பொறுத்துப் பாரு. ராகு காலத்துல போட்ட கையெழுத்து நிலைக்காது. பாவம், நல்ல பிள்ளை அது. தெரியாமப் போட்டுடுத்து" என்றார்.

பாவமாம்! சரி, பார்க்கலாம் என்று மறுபடியும் காத்திருந்தேன். நன்றாக நிலைத்தது. மாநாடுகளுக்குக் கூப்பிட்டார்கள், கட்டுரை கேட்டார்கள். கடைசியில் யுனிவர்சிட்டியில் புரொபசர் பதவி காலியானபோது நானும் விண்ணப்பம் போட்டேன். எனக்குப் பதிலே வரவில்லை. அவரைத் தேடி வந்து அழைத்தார்கள்.

நெய் வாசனை

இப்போது அந்த அறைக்கு வருகிறேன். சுவர்க் கடிகாரம் மெதுவாகப் போகிறது. சின்னச்சாமி காப்பி வரவழைத்தார். என் வீட்டுக்கு வந்து என் அப்பாவிடம் கற்றுக்கொண்ட ராகு காலத்தை எனக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கு மரத்தடியில நான் சொன்னேனே, ராகு காலம்னு. இன்னிக்கு இவ்வளவு பாக்கறவர், அன்னிக்கு ஏன் பாக்கலை? நம்பிக்கை இல்லையா?"

"நம்பாம என்னங்க? எங்க ஊருலயும் பாப்பாங்க. வெத போடறதுலேருந்து பொண்ணு பாக்கப் போறது வரைக்கும் எல்லாத்துக்கும். எங்க ஐயாவும் பன்னெண்டுக்கு மேல போடுடான்னுதான் சொல்லி அனுப்பிச்சாரு."

"பின்னே?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பசி சார். அந்த வருசம் எங்க பக்கம் மழையே இல்ல. மொத நா மத்தியானம் சாப்பிட்டது. கையில இருந்தது ரயிலுக்குச் சரியாப் போச்சு. ரிஜிஸ்தர்ல பேர் ஏறிட்டா கேன்டீன்ல கணக்கு வச்சுச் சாப்பிடலாம்னு கேட்ல வாட்ச்மேன் சொன்னாரு. இருந்தாலும் நீங்க சொன்னதும், சரி, உக்காந்துருவோம்னுதான் நெனச்சேன். பொட்டியைக்கூட எறக்கிட்டேனே. ஆனா பக்கத்துல வந்தா, உங்க கையிலேருந்து நெய் வாசனை வந்துச்சு பாருங்க... அதுக்கு மேல முடியலீங்க."

"அந்த இட்லி..." என்றேன்.

"அதே இட்லிதான் சார். மூணாவதுலதான் ருசி தெரிஞ்சுது" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்தது, என் பொறாமை எல்லாம் கரைந்து போனது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் பொறாமை முந்திக்கொண்டது. ஜன்னல் ஜன்னலாகப் பையன்கள் வந்து கேட்ட பாடம் இவருக்கு ஒரு பட்டினியிலிருந்து கிடைத்திருக்கிறது. வயிறு நிறையப் பொங்கலோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்த எனக்கு என்ன கிடைத்தது? ஆஃப்டர்நூன் கிடைத்தது. அவருக்கு ஃபோர்நூன் கிடைத்தது, அதுவும் என் நெய் வாசனையால்! இந்த மனிதரின் பசியைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு எரிந்தது.

"பேனாவைக் குடுங்கோ" என்றேன்.

"சார், மணி பதினொண்ணேகால்தான் ஆவுது."

"குடுங்கோங்கறேன்."

அவர் தயங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டு, பேனாவை நீட்டினார். நான் என் பெயரை முழுசாக, இனிஷியலோடு, அழுத்திப் போட்டேன். ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டு, "ஃபோர்நூன்னு நன்னாப் பெரிசா எழுதுங்கோ" என்றேன்.

சின்னச்சாமி சிரித்தார் பாருங்கள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்குமே, அதே சிரிப்பு. அதை நேருக்கு நேராக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"உங்க வீட்டுப் பெரியவர்கிட்ட நான் மூச்சு விட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. ஈஸி சேரில் சாய்ந்து, பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

"சார்ஜ் எடுத்துண்டுட்டியா?"

"எடுத்துண்டுட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

பன்னிரண்டு அடித்த பிறகு என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அன்றைக்கு எனக்குச் சண்டை போட வேண்டும் போல இருந்தது. புங்க மரத்தடியிலிருந்து சேர்த்து வைத்த சண்டை.

"பதினொண்ணேகாலுக்கு. ராகு காலத்துல. வேணும்னேதான் போட்டேன்."

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வரட்டும் என்று நின்றேன்.

"அதனால என்ன?" என்றார். "அந்தப் பிள்ளை ராகு காலத்துலதானே சேர்ந்தான்? அவனுக்கு என்ன குறைஞ்சு போச்சு? இன்னிக்கு யுனிவர்சிட்டிக்கே போறான்." பேப்பரை மறுபடி மூக்குக்கு நேரே தூக்கிக்கொண்டார். "நீயும் அன்னிக்கே போட்டிருக்கலாம்டா."

அடுத்த அறையிலிருந்து வைதேகி சிரிக்கிற சத்தம் கேட்டது.